போட்டிப் பாரத்தின் கடைசி வரி: தமிழ்ப் படைப்புப் போட்டிகளை நடத்தும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் தமிழ்ச் சிறுகதைப் போட்டியோ நாவல் போட்டியோ நடத்திவரும் எழுத்தாளர் சங்கங்கள், வாசகர் வட்டங்கள், இளைஞர் மன்றங்கள், கூட்டுறவு அமைப்புகள் அனைத்துக்கும் இம்மடலை எழுதுகிறேன். உங்கள் போட்டிப் பாரங்கள் (பங்கேற்புப் படிவங்கள்) பலவற்றின் கடைசிப் பகுதியில் ‘அனுப்பப்படும் படைப்புகளின் முழு உரிமையும் ஏற்பாட்டுக் குழுவினரையே சாரும்’ என்றொரு விதி இருக்கிறது. சொற்கள் அமைப்புக்கு அமைப்பு சற்று மாறினாலும் பொருள் மாறுவதில்லை. அந்த விதியை நீக்கிவிடுங்கள் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூரில் இலக்கிய முகவராக இருக்கிறேன். கல்யாண வீட்டில் யாராவது என் தொழிலைக் கேட்டு, நான் முகவர் என்று சொன்னால், காப்புறுதியா வீட்டு மனையா என்பதுதான் அடுத்த கேள்வி. ஆகவே இங்கேயே விளக்கிவிடுகிறேன். ஓர் எழுத்தாளரின் பிரதியைப் படித்து, தேறும் என்று தோன்றினால் அவரோடு உட்கார்ந்து திருத்தி, அதற்கேற்ற பதிப்பாளரைத் தேடிப் பிடித்து, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பிரிவையும் பேசி முடித்து, பிறகு ராயல்டிக் கணக்கு ஒழுங்காக வருகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வது என் வேலை. எழுத்தாளருக்கு வரும் தொகையில் 15 விழுக்காடு எனக்கு. வெளிநாட்டு மொழிபெயர்ப்பு உரிமையானால், அந்நாட்டு முகவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், அது 20 விழுக்காடாகும். எழுத்தாளருக்கு ஒன்றும் வராவிட்டால் எனக்கும் ஒன்றும் இல்லை. படித்துப் பார்ப்பதற்கே பணம் கேட்கும் முகவர் எவராவது உங்கள் உறுப்பினரை அணுகினால், அவரை வாசலோடு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

லண்டனில் ஏ. பி. வாட் என்பவர் 1870களில், 10 விழுக்காட்டுக் கூலியில், தொடங்கிவைத்த தொழில் இது. தமிழில் இன்னும் வேர் பிடிக்காததற்குக் காரணம் கணக்கிலேயே தெரிந்துவிடும். 30 ரிங்கிட் விலையுள்ள நாவல் 500 படிகள் விற்றால் 15,000 ரிங்கிட். 10 விழுக்காடு ராயல்டி என்றால் எழுத்தாளருக்கு 1,500. அதில் என் பங்கு 225 ரிங்கிட். அந்த நாவலோடு நான் எட்டு மாதம் மல்லுக்கட்டியிருப்பேன். என் வீட்டு வாடகையை மலாய்ப் பிரதிகளும் ஆங்கிலப் பிரதிகளும்தாம் கட்டுகின்றன. ஒரு தமிழ் நாவலால் எழுத்தாளருக்கும் முகவருக்கும் நாலு காசு வர வேண்டுமென்றால், அது மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ போக வேண்டும், ஒலிநூலாக வேண்டும், திரைக்குப் போக வேண்டும். உங்கள் விதி அந்த வழியைத்தான் அடைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் நாவல் எனக்கு வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தின் கதை. அது ஏற்கெனவே ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றது என்று மடலிலேயே குறிப்பிட்டிருந்தார். நான் அதைச் சிறப்பாகவே எடுத்துக்கொண்டேன். 30 பக்கங்களை மலாயில் பெயர்த்து ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியதும், அங்கிருந்த பதிப்பாசிரியர் முழு நாவலையும் கேட்டார், முன்பணத்தையும் பேசி முடித்தோம். ஒப்பந்த வரைவில் எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும் உறுதிமொழிப் பிரிவு இருந்தது: படைப்பின் உரிமை தம்மிடமே இருப்பதாக எழுத்தாளர் உறுதி கூற வேண்டும், அது பொய்யானால் வரும் நட்டத்துக்கு அவரே பொறுப்பு. “டீச்சர், இதை வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். இல்லை என்றார். அரை மணி நேரம் கழித்து அவரே அழைத்து, “போட்டிக்கு அனுப்பும்போது ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டேன்மா, அது பரவாயில்லைதானே?” என்றார்.

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. அந்த அமைப்பு நாவலை அச்சிடவே இல்லை, ஆனால் உரிமை அதன் பெயரில் இருந்தது. அக்காலத் தலைவர் வெளிநாட்டில் குடியேறிவிட்டார், செயலாளர் காலமாகிவிட்டார், அலுவலகம் மாறியபோது பழைய கோப்புகள் குப்பைக்குப் போய்விட்டன. புதிய செயலவையினர் மரியாதையோடு நடத்தினார்கள், தேநீர் கொடுத்தார்கள், ஆனால் தங்களிடம் இருப்பதே தெரியாத ஒன்றைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்திட ஒருவரும் முன்வரவில்லை. ஏழு மாதம் நடந்தேன். அதற்குள் பதிப்பகத்தின் அவ்வாண்டுப் பட்டியல் மூடப்பட்டது, அந்தப் பதிப்பாசிரியரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். இதில் என் பிழையும் உண்டு: மாதிரிப் பக்கங்களை அனுப்புவதற்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் முதல் தொலைபேசி உரையாடலிலேயே, நலம் விசாரித்த கையோடு, கேட்டுவிடுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்து வடிவில் இருந்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சில் யாரும் யாருக்கும் பதிப்புரிமையைக் கொடுத்துவிட முடியாது. எழுத்தாளருக்குப் பாதுகாப்பாக வைக்கப்பட்ட ஏற்பாடு அது. பங்கேற்பாளர் கையெழுத்திடும் உங்கள் பாரமோ அந்த எழுத்து வடிவத்தை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது. இலக்கியப் படைப்பின் பதிப்புரிமை எழுத்தாளரின் வாழ்நாள் முழுதும், அவர் மறைவுக்குப் பிறகு 50 ஆண்டுகளும் நீடிக்கும். 30 வயதுப் பெண் ஒருவர் முதல் பரிசாக 1,000 ரிங்கிட் பெற்று 80 வயது வரை வாழ்ந்தால், நீங்கள் வாங்கியது 100 ஆண்டு உரிமை, அதாவது ஆண்டுக்கு 10 ரிங்கிட். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்குக்கூடப் போதாது. இத்தனைக்கும் அவர் பரிசு பெற்றவர். ‘அனுப்பப்படும் படைப்புகள்’ என்று எழுதியிருப்பதால், ஆறுதல் பரிசும் பெறாத மற்றவர்கள் நற்சான்றிதழ்கூட இல்லாமல் தங்கள் கதையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

உங்களுக்குத் தீய நோக்கம் இருப்பதாக நான் கருதவில்லை. நடுவர் குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன், பாரம் எப்படித் தயாராகிறது என்று தெரியும். போன ஆண்டுப் பாரத்தைத் திறந்து, தேதியையும் தலைவர் பெயரையும் மாற்றி, மறுபடி அச்சுக்கு அனுப்புகிறோம். அந்த வரி முதன்முதலில் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. கேட்டுப் பார்த்ததில் கிடைத்த காரணங்கள் இரண்டு: பரிசு பெற்ற கதைகளைத் தொகுப்பாக வெளியிட வேண்டும், தொகுப்பு வருவதற்குள் எழுத்தாளர் அதையே ஞாயிறு இதழுக்குக் கொடுத்துவிடக் கூடாது. இரண்டும் நியாயமானவை. இரண்டுக்கும் ஒருமுறை அச்சிடும் அனுமதியும் ஒரு காலக் கெடுவும் போதும், முழு உரிமை தேவையில்லை.

இப்போது இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கதவுகள் சில அண்மையில்தான் திறந்திருக்கின்றன. 2023இல் ஒரு தமிழ் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு முதன்முறையாகப் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அப்பரிசின் 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பெறுவார்கள். அதே ஆண்டு ஜனவரியில் தமிழ்நாடு அரசு சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கியது. மற்ற காட்சிகளைப்போல் படிகளை விற்பதற்காக அல்ல, உரிமைகளைக் கைமாற்றுவதற்காகவே நடப்பது அது, மொழிபெயர்ப்புக்கு நல்கையும் உண்டு. கோலாலம்பூருக்கு யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகர் என்ற சிறப்பு 2020இல் கிடைத்ததையும் நாம் மேடைகளில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பிராங்க்பர்ட் போன்ற சந்தைகளில் முகவர்கள் வரிசையாக மேசை போட்டு அமர்ந்திருக்க, பதிப்பாளர்கள் அரை மணிக்கு ஒருவராக வந்துபோவார்கள். அந்த அரை மணியில் கதையைச் சொல்லி முடித்ததும் வரும் கேள்வி, உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான். “ஈப்போவில் ஒரு மன்றம் இருந்தது, இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை” என்று அங்கே பதில் சொல்ல முடியாது.

உங்கள் பட்டறைகளுக்கு வரும் புதியவர்களிடம் சொல்ல வேண்டிய சிலவும் இருக்கின்றன. அவர்களை நேரில் சந்திப்பவர்கள் நீங்கள்தாம் என்பதால் உங்களிடமே தருகிறேன். எனக்கு வரும் பிரதிகள் பலவற்றில் டத்தோ பட்டம் பெற்ற ஒருவரின் வாழ்த்துரை, பேராசிரியரின் அணிந்துரை, நண்பரின் நயவுரை எல்லாம் இருக்கும். கதை எதைப் பற்றியது என்று பத்து வரியில் ஒரு சுருக்கம் இருக்காது. எனக்கு வேண்டியது அந்தப் பத்து வரியும் முதல் மூன்று அத்தியாயங்களும்தான். முடிவை மறைக்காமல் சுருக்கத்தில் எழுத வேண்டும், நான் திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் ரசிகை அல்ல. நாவலை முழுதாக எழுதி முடித்து, ஒரு மாதம் மூடி வைத்து, மறுபடி படித்துத் திருத்திய பிறகே அனுப்ப வேண்டும். ‘நீங்கள் சரி என்றால் மீதியை எழுதுகிறேன்’ என்று வரும் மடல்களுக்கு நான் சரி என்று சொன்னதே இல்லை. பிரதி ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்கட்டும்: முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த ஊரில் இருந்துகொண்டு இன்னமும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டு, என் திரையில் கட்டம் கட்டமாக விழும் நாவல்களை அனுப்புகிறார்கள்.

தோட்டத்து நாவல்களைப் பற்றி ஒன்று. விடிகாலை இருட்டில், வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் காட்சியில் தொடங்கும் பிரதிகள் என் மேசையில் அடுக்காக இருக்கின்றன. அக்காட்சி பொய்யில்லை, என் பாட்டி அந்த வரிசையில் நின்றவர்தான். ஆனால் அது எழுதுபவரின் நினைவாக இல்லாமல், முன்பு படித்த நாவலின் நினைவாக வருவதை இரண்டாம் பக்கத்திலேயே கண்டுகொள்ளலாம். பால்மரத்தைத் தொட்டறியாத தலைமுறைக்குச் செந்தூல் அடுக்குமாடியின் பழுதான மின்தூக்கி நன்றாகத் தெரியும். அதை எழுதட்டும்.

பதிப்பாளர் பிரதியைத் திருப்பி அனுப்பினால் காரணம் கேட்டு வாதிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். எதில் கையெழுத்திட்டாலும் ஒரு நகலை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஆசிரியை வைத்திருந்தார், அதனால்தான் சிக்கல் ஒப்பந்தத்துக்கு முன்பே தெரிந்தது.

இனி, என் வேண்டுகோள். பழைய வரிக்குப் பதிலாக இதைச் சேருங்கள்: ‘பரிசு பெறும் படைப்பைத் தமிழில், தொகுப்பு நூலாக, ஒருமுறை அச்சிட ஏற்பாட்டுக் குழுவுக்கு உரிமை உண்டு. பரிசளிப்பு நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் அச்சிடாவிட்டால் இவ்வுரிமை முடிவடையும். மொழிபெயர்ப்பு, ஒலி, காட்சி, மின்னூல் உள்ளிட்ட பிற உரிமைகள் அனைத்தும் எழுத்தாளருக்கே உரியவை. பரிசு பெறாத படைப்புகளின் மீது ஏற்பாட்டுக் குழுவுக்கு எவ்வுரிமையும் இல்லை.’ ஏற்கெனவே பழைய பாரத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு, செயலவைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, உரிமையைத் திருப்பித் தருவதாக ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். உரிமையைத் திருப்பித் தருவதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பதால், தலைவரும் செயலாளரும் அதில் கையெழுத்திட வேண்டும். குறிப்பேட்டை அறிந்தவர்கள் பொறுப்பில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது எளிது.

உங்கள் அடுத்த போட்டிக்கான பாரம் அச்சுக்குப் போகுமுன் எனக்கு ஒரு படி அனுப்பினால் ஒரு வாரத்தில் பார்த்துத் தருகிறேன், கட்டணம் ஏதுமில்லை. செயலவைக் கூட்டத்துக்கு நேரில் வந்து விளக்க வேண்டுமானாலும் வருவேன், ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்கு வசதி.

இப்படிக்கு,
கோலாலம்பூரிலிருந்து ஓர் இலக்கிய முகவர்