பல் முகாம் முடிந்த மறுநாள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வருமானம் குறைந்த நாடுகளின் தொடக்கப் பள்ளிகளில் பல் பரிசோதனை முகாம்கள் பெருகி வருவதைப் பாராட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு, அவர் கொண்டாடும் முறையில்தான் கோளாறு தெரிகிறது.

முகாமில் என்ன நடக்கிறது? மருத்துவர்கள் வருகிறார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, டார்ச் அடித்து வாயைப் பார்க்கிறார்கள். எத்தனை பல் சொத்தை என்று ஒரு சீட்டில் எழுதி, மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் பல் செட்டை வைத்து எப்படித் தேய்ப்பது என்று காட்டுகிறார்கள். ஆளுக்கு ஒரு பிரஷ், ஒரு சின்ன பேஸ்ட், கடைசியில் குரூப் போட்டோ. அவ்வளவுதான். சரி, அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு பெற்றோர் எங்கே போவார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில் ஒரு லட்சம் பேருக்குச் சராசரியாக மூன்று பல் மருத்துவர்களுக்குச் சற்று அதிகமாகத்தான் இருக்கிறார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில். அதனால் சீட்டு பள்ளிப் பையிலேயே கசங்கிவிடும். பேஸ்ட் வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

விழிப்புணர்வுப் பேச்சுகளும் இதே கதைதான். இது பற்றி வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 1990-களிலேயே சொல்லிவிட்டார்கள்: பேச்சைக் கேட்டபின் பிள்ளைகளுக்கு விவரம் தெரிகிறது, கொஞ்ச நாளைக்குப் பல்லும் சுத்தமாக இருக்கிறது, ஆனால் பேச்சால் மட்டும் சொத்தை குறைந்ததற்குச் சான்று இல்லை. தேய்க்க வேண்டும் என்று தெரியாத பிள்ளை அபூர்வம். வீட்டில் புளோரைடு (சொத்தையைத் தடுக்கும் தாது) கலந்த பேஸ்ட் இல்லை, நினைவுபடுத்த ஆள் இல்லை, அதுதான் சங்கதி.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதைப் பிலிப்பைன்ஸ் 2006-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. அரசுப் பள்ளிகளில் படித்த 6 வயதுப் பிள்ளைகளில் 97 சதவீதம் பேருக்குச் சொத்தை. பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் அந்தச் சொத்தை உள்நரம்பு வரை இறங்கியோ, ஈறில் சீழ் வைத்தோ இருந்தது. சொத்தை என்றால் ஏதோ கறுப்புப் புள்ளி என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது விவரத்தைக் கவனிக்க வேண்டும். பல்லில் சீழ் பிடித்த பிள்ளை மென்று சாப்பிடாது, ராத்திரி தூங்காது, வகுப்பில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்படிப் பல் தொற்று இருந்த பிள்ளைகளிடம், வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற எடை இல்லாத நிலை அதிகம் என்பதும் அதே நாட்டுத் தரவுகளில் தெரிந்தது. உலகம் முழுக்கப் பால் பல் சொத்தையோடு இருக்கும் பிள்ளைகள் சுமார் 51 கோடி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. அத்தனை வாயிலும் துளை அடைக்கப் போதுமான மருத்துவர்களை எந்த ஏழை நாடும் உருவாக்கிவிட முடியாது.

பிலிப்பைன்ஸ் அடுத்துச் செய்ததுதான் என் கடிதத்தின் விஷயம். 'ஃபிட் ஃபார் ஸ்கூல்' என்ற பெயரில், ஜெர்மனியின் வளர்ச்சி உதவியோடு, கல்வித் துறை ஒரு சாதாரணமான ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பள்ளியிலேயே தினமும் சோப்பு போட்டுக் கை கழுவுவது, எல்லோரும் சேர்ந்து புளோரைடு பேஸ்டால் பல் தேய்ப்பது, வருடத்துக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை. நடத்துவது ஆசிரியர்கள், பல் மருத்துவர் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. ஒரு நீளமான குழாயில் வரிசையாகத் துளை போட்டால் ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் கை கழுவிவிடும். பொருட்களுக்கான செலவு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு அமெரிக்க டாலருக்கும் குறைவு என்று கணக்குக் காட்டினார்கள். பிறகு இந்தோனேசியா, கம்போடியா, லாவோஸ் நாடுகளிலும் இதைச் செய்து பார்த்தார்கள். சொத்தை ஒன்றும் மாயமாக மறைந்துவிடவில்லை. ஆனால் புதிதாகச் சொத்தை விழும் வேகம் குறைந்தது. அந்த அளவுக்குச் சொல்ல எந்த முகாமிடம் சான்று இருக்கிறது?

பள்ளியில் சேரும் வயதுக்கு இன்னொரு முக்கியத்துவம் இருக்கிறது. படித்த பெற்றோரிலேயே பலருக்கு இது தெரிவதில்லை. ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்கெல்லாம் பின்னால், முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலே அது வருவதால், 'பால் பல்தானே, எப்படியும் விழுந்துவிடும்' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். விழாது. வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய பல் அது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள், பல்லின் மேல் ஓடான எனாமல் இன்னும் முழுசாக உறுதிப்படாத நிலை, தேய்க்கக் கை எட்டாத மூலை. முளைத்த முதல் சில வருடங்களில்தான் அது எளிதில் கெடும். அந்த வருடங்களில் பிள்ளை இருப்பது ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும். அந்த நேரத்தில் தினமும் புளோரைடு படுவதும், கடைசிப் பல் வரை பிரஷ் போகிறதா என்று ஒரு ஆசிரியர் எட்டிப் பார்ப்பதும், பத்து வருடம் கழித்து நாங்கள் போடும் எந்த அடைப்பையும்விட மேல்.

தண்ணீர் இல்லாத பள்ளியில் இது எப்படி முடியும் என்று கேட்பார்கள். கை கழுவத் தண்ணீர் வேண்டும், மறுக்கவில்லை. பல் தேய்க்க அநேகமாக வேண்டியதில்லை. பட்டாணி அளவு பேஸ்டில் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் விடுவதுதான் நல்லது. புளோரைடு பல்லில் தங்கும். பிரஷ்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பது நியாயமான பயம். பெயர் எழுதி, ஒன்றை ஒன்று தொடாமல் காற்றாட நிறுத்தி வைக்க ஒரு தாங்கி போதும். பிள்ளைகள் பேஸ்டை விழுங்கிவிடுவார்களே என்றால், பட்டாணி அளவு என்று சொல்வதே அதற்காகத்தான். ஆசிரியர் கையால் பிரஷில் வைத்துக் கொடுக்கலாம். குடிநீரிலேயே புளோரைடு அதிகம் உள்ள பகுதிகளில் மட்டும் சுகாதாரத் துறையைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் என்ற ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாத் துறைகளும் தங்கள் வேலையை அவர்கள் தலையில்தான் கட்டுகின்றன. அதனால்தான் இது தனி நிகழ்ச்சியாக இல்லாமல் கால அட்டவணையிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். பதிவேடு, அறிக்கை, படம் எடுத்து அனுப்புவது எதுவும் கூடாது. மணி அடித்தால் தேய்ப்பது, அப்புறம் பாடம்.

தேய்ப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. சர்க்கரை வாய்க்குள் போனதும் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அமிலம் உண்டாக்குகின்றன. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது ஆகும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை தடவை என்பது பெரிய கேள்வி. பள்ளி வளாகத்துக்குள் இனிப்புப் பானம் விற்க அனுமதித்துவிட்டு உள்ளே பல் தினம் கொண்டாடும் பள்ளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வாய் நலக் கண்காட்சிக்கு அந்த நிறுவனங்களிடமே நன்கொடை வாங்குவது இன்னும் கேவலம்.

ஏற்கெனவே கெட்டுப்போன பற்களுக்கும் வழி இருக்கிறது. வெள்ளி கலந்த புளோரைடு திரவத்தைச் சொத்தையில் தொட்டு வைத்தால், பெரும்பாலான குழிகள் மேலும் பரவாமல் நின்றுவிடும். பயிற்சி பெற்ற பள்ளிச் செவிலியரே செய்யலாம். ஊசி, டிரில், மின்சாரம் எதுவும் வேண்டாம். சொத்தை விழுந்த இடம் கறுத்துப் போகும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துச் சிமென்ட் வைக்கும் முறையும் உண்டு. 1980-களில் தான்சானியாவில் உருவானது. முகாமுக்கு வரும் மருத்துவர்கள் எண்ணிக்கை எடுப்பதை விட்டுவிட்டு இந்த வேலைகளைச் செய்தால், நானே முகாமை ஆதரித்து எழுதுவேன்.

பணம் எங்கே என்ற கேள்விக்குப் பாதி பதில் ஏற்கெனவே வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் புளோரைடு பேஸ்ட், அந்த வெள்ளித் திரவம், அடைப்புக்கான கண்ணாடி அயனோமர் சிமென்ட் மூன்றையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இருந்தும் பல நாடுகளில் பேஸ்டுக்கு இன்னமும் அழகுசாதனப் பொருள் என்று வரி போடுகிறார்கள். வரியை நீக்கி, 1000 முதல் 1500 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு, புளோரைடு இருக்கிறதா என்று சோதித்து, அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்து, பள்ளிகளுக்குப் பூச்சி மாத்திரை ஏற்றிப் போகும் அதே வண்டியில் அனுப்பலாம். இந்த வரி விவரத்தை நாடு வாரியாக உங்கள் நிருபர் ஒருவர் திரட்டி எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகரான ஒரு பல் மருத்துவர்