டிக்கை நீங்களே போட்டுவிட்டீர்களே, தம்பி!

செயலிகளின் திரைகளை வடிவமைக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். போன மாதம் மதுரையிலிருந்து சென்னை வர, என் அத்தை முதல் முறையாகத் தானே செல்போனில் பஸ் டிக்கெட் போட்டார். முதல் திரையில் 720 ரூபாய். பணம் கட்டி முடித்தபோது 791. பயணக் காப்பீடு 20, யாருக்கோ நன்கொடை 5, அப்புறம் கடைசித் திரையில் மட்டும் முளைத்த 'வசதிக் கட்டணம்' 46.

"நான் எதையும் கேக்கலையேடா" என்றார். கேட்கவில்லைதான். கட்டங்களில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. காப்பீட்டை எடுக்கப் போனால், "வேண்டாம், ஆபத்து வந்தால் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று வெளிறிய எழுத்தில் ஒரு வரி. இரவுப் பயணம் போகிறவர் அதைத் தொடுவாரா?

இந்தச் சாமர்த்தியத்துக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010-லேயே ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர், அதாவது உங்கள் ஆள் ஒருவரே, பெயர் வைத்துவிட்டார். நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இதில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காததைக் கூடையில் நுழைப்பது, கட்டணத்தைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது, மறுப்பவரைக் கூச வைப்பது எல்லாம் அதில் உண்டு. அத்தையின் ஒரே டிக்கெட்டில் மூன்றும் இருந்தன.

அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயராம். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2023-இல் போட்ட வழக்கில் சொன்னது. கிரேக்கக் கவி ஹோமரின், நீண்ட போரைப் பாடும் நெடுங்காவியம்தான்; ரத்து செய்யும் வழியும் அப்படி நீளமாம். சும்மா சொல்லக்கூடாது, பெயர் வைத்தவர் ரசிகர்! 2025-இல் அந்த வழக்கை 250 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

மேலிடம் சொல்லித்தான் செய்கிறீர்கள், தெரியும். டிக்கை முன்பே போட்டால் காப்பீடு எவ்வளவு கூடுதலாக விற்கிறது என்று மீட்டிங்கில் வரைபடம் காட்டுவார்களே, அதில் அத்தையும் இருக்கிறார், விரும்பி வாங்கியவர் கணக்கில். அடுத்த மீட்டிங்கில் அதை மட்டும் சொல்லிப் பாருங்கள். கட்டத்தைக் காலியாக விடுங்கள். மொத்தத் தொகையை முதல் திரையிலேயே காட்டுங்கள்.

ஊர் திரும்பும்போது அத்தை செல்போனை எடுக்கவே இல்லை. கிளாம்பாக்கத்தில் அரசு பஸ் ஏறி, கண்டக்டரிடம் காசு கொடுத்து, மீதியை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
அவருடைய மருமகன்