யானைக்கு மகள் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அதற்காக உன் அலமாரியை ஒழித்தபோது, பிளஸ் டூ இயற்பியல் கைடுக்குப் பின்னால் 'ஹீட் வேவ்' கிடைத்தது. ஒளித்து வைத்த மாதிரிதான் இருந்தது. இங்கே கத்திரி ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது, வெளியே தலைகாட்ட முடியவில்லை. புத்தகத்தின் பெயரே வெயிலைப் பற்றியது. ஈஸிசேரை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டேன். மூன்று மத்தியானத்தில் முடித்துவிட்டேன்.

அட்டையில் இருந்த போட்டோவை அம்மா எட்டிப் பார்த்தாள். "இது நீங்களும் அவளும் ராத்திரி உட்கார்ந்து பார்ப்பீங்களே, அந்த சீரியல் ஆள் இல்ல? இவர் எப்போ புத்தகம் எழுதினார்?" என்றாள். நடிகர் பெயர் நேதன் ஃபிலியன், 'கேஸில்' என்ற அந்த அமெரிக்க சீரியலில் அவர் ரிச்சர்ட் கேஸில் என்ற மர்மநாவல் எழுத்தாளர், அந்த எழுத்தாளர் கதைக்குள்ளே எழுதிய நாவலை 2009ல் நிஜமாகவே அச்சடித்து, எழுதியவர் ரிச்சர்ட் கேஸில் என்றே போட்டு விற்றார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. "அப்போ நிஜமா எழுதினது யாரு?" என்றாள். அதுதான் அட்டையில் இல்லை. இல்லாத ஒரு மனிதன் எழுதிய புத்தகம் நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட் செல்லர் பட்டியல் வரை போயிருக்கிறது. அதில் ஒரு பிரதிக்கு என் சம்பளத்திலிருந்து பணம் போயிருக்கிறது.

மர்மம் என்று பார்த்தால் சுமார்தான். ரியல் எஸ்டேட் கோடீஸ்வரன் ஒருவன் பால்கனியிலிருந்து நடைபாதையில் விழுந்து சாகிறான், மனைவி மேல் சந்தேகம், நகரம் முழுக்க அனல். கொலையாளியை நான் ஐம்பது பக்கம் முன்னாலேயே பிடித்துவிட்டேன். கணேஷ், வசந்த் படித்து வளர்ந்தவனிடம் இதெல்லாம் நடக்குமா? ஆனால் படிக்கும்போது வேறொரு விளையாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. துப்பறியும் நிக்கி ஹீட் வாயைத் திறந்தால், சீரியலில் கேஸில் கூடவே சுற்றுகிற போலீஸ்காரி கேட் பெக்கெட்டின் குரல் கேட்கிறது. ரேலி, ஒச்சோவா என்று இரண்டு பேர் வந்ததும் இது பெக்கெட்டோடு வேலை பார்க்கும் ரயன், எஸ்பொஸிட்டோ ஆயிற்றே என்று சிரித்துக்கொண்டேன். சீரியலின் பிணவறை டாக்டர் லேனி நாவலில் லாரன். கேஸில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஜேமிஸன் ரூக். இது எனக்கு இரண்டாம் நாள்தான் உறைத்தது. செஸ்ஸில் நாம் யானை என்கிறோமே, அதுதான் அவர்களுக்கு ரூக், இன்னொரு பெயர் கேஸில். உனக்கு யானையை நேராக நகர்த்தச் சொல்லிக்கொடுத்தவனுக்கே இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது பார்.

ஒரு இடத்தில் மட்டும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சீரியலில் பெக்கெட்டின் அம்மாவை ஒரு சந்தில் குத்திக் கொன்றுவிடுவார்கள், அவளுக்கு விஷயம் பிறகுதான் தெரியவரும். கேஸில் அதை அப்படியே எடுக்கவில்லை. நாவலில் நிக்கி சமையலுக்குப் பட்டை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்து அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் அது நடக்கிறது. அவள் காதால் கேட்கிறாள். பட்டை. அந்தச் சின்ன சாமானை வைத்ததில்தான் எழுத்தாளன் தெரிகிறான். ஆனால் கூட வேலை பார்க்கும் பெண்ணின் துக்கத்தை எடுத்து, இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்து விற்கலாமா? கே.பி.க்கும் (கேட் பெக்கெட்தான்) பன்னிரண்டாவது ஸ்டேஷன் நண்பர்களுக்கும் என்று முதல் பக்கத்தில் சமர்ப்பணம் போட்டிருக்கிறான். அதனால் சரியாகிவிடுமா? நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

இப்போது நான் சொல்ல வந்தது. ஸ்டேஷன் ஆட்கள், பிணவறை டாக்டர், தன் அம்மா, இத்தனை பேரையும் பெயர் மாற்றிப் புத்தகத்தில் போட்டுவிட்டான். சீரியலில் அவன் அம்மா மேடை நடிகை மார்த்தா, நாவலில் ரூக்கின் அம்மாவும் மேடை நடிகைதான், மார்கரெட். ஆனால் ரூக்குக்கு மகள் இல்லை. கேஸிலின் மகள் அலெக்ஸிஸ் எங்கேயும் இல்லை. அந்தச் சிவப்பு முடிப் பெண்ணை எங்கேயாவது ஒரு பக்கத்தில் நுழைத்திருப்பான் என்று கடைசி வரை தேடினேன்.

முதல் எபிசோட் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்பனுடைய புத்தக வெளியீட்டுப் பார்ட்டியில், அத்தனை சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெண் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்துகொண்டிருப்பாள். நீ உடனே என்னைப் பார்த்தாய். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். பிறகு 2012ல் நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனாய், அவளும் அதே சமயத்தில் கொலம்பியா யூனிவர்சிட்டி ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள். அந்த எபிசோடை நான் தனியாகத்தான் பார்த்தேன். அம்மா படுத்துவிட்டாள். விளம்பர இடைவேளையில் எழுந்து உன் அறை லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

எல்லாரையும் விற்றவன் அவளை மட்டும் விற்கவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. அவள் வீட்டுக்குள்ளே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறான். கம்பெனிக்காரர்கள் அவ்வளவு யோசித்தார்களோ என்னவோ, நான் அப்படித்தான் வாசித்தேன். நானும் ஆபீஸில் உன்னைப் பற்றி அதிகம் பேசியதில்லை. உன் மார்க்கைக்கூட அவர்களாகக் கேட்டால்தான் சொல்வேன். அப்பாவுக்கு என் மேல் பெருமையே இல்லை என்று நீ அம்மாவிடம் ஒரு தடவை சொன்னாயாம்.

இன்னொன்று. புத்தகத்துக்கு நடுவில் ஒரு டவுன்பஸ் டிக்கெட் இருந்தது, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வண்டி. நகரம் முழுக்கக் கரண்ட் போய் (நியூயார்க்கிலேயே போகிறது!), மெழுகுவத்தி ஏற்றி உட்காரும் அத்தியாயத்துக்குக் கொஞ்சம் முன்னால். அந்த மெழுகுவத்திப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன், காரணம் கேட்காதே. டிக்கெட்டுக்கு அப்புறம் உள்ள பக்கங்கள் கசங்காமல் புதுசாகவே இருக்கின்றன. அப்படியானால் நீ முடிக்கவே இல்லை. நான்தான் பரீட்சை பரீட்சை என்று பிடுங்கி வைத்தேனோ?

டிக்கெட்டை அதே இடத்தில் வைத்துவிட்டேன். கொலையாளி யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. டிசம்பரில் வரும்போது படி. கைடை மட்டும் எடைக்குப் போட்டுவிடட்டுமா? வெள்ளையடிக்கிறவர் புதன்கிழமை வருகிறார், அதற்குள் சொல்.

அன்புடன்,
அப்பா