எகிப்துக்குப் போன வழியையும் வரையுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் கிறிஸ்தவ ஓவியங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். படங்களும் நன்றாக அச்சாகியிருந்தன. ஆனால், 'நற்செய்தியில் உள்ளதை உள்ளபடியே வரைந்த ஓவியங்கள்' என்று ஒரு வரி வருகிறதே, அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. முப்பது வருடமாகப் பெயர்ப்பலகை எழுதியும் கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசியும் சீவிக்கிறவன் என்பதால், இதில் கொஞ்சம் வாய் திறக்கிறேன்.

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று இராசாக்களை எடுங்கள். 'கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள்' என்றுதான் மத்தேயு எழுதுகிறார். மூன்று பேர் என்றும் இல்லை, இராசாக்கள் என்றும் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூன்றாகிவிட்டார்கள். குடிலில் நாங்கள் வைக்கிற மாடும் கழுதையும் நற்செய்தி எதிலும் கிடையாது. மாடு தன் உடையவனை அறியும், கழுதை தன் எசமானின் தீனித்தொட்டியை அறியும் என்று எசாயா முதலாம் அதிகாரத்தில் வருகிறது. அங்கிருந்து நடந்து வந்து குடிலுக்குள் படுத்துக்கொண்டவை. சின்னப்பர் (பவுல்) தமஸ்கு போகிற வழியில் விழுந்தார், சரி. எதிலிருந்து விழுந்தார்? திருத்தூதர் பணிகளில் குதிரை என்ற பேச்சே இல்லை. இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1601 அளவில் உரோமில் வரைந்த படத்திலோ பாதி இடத்தைக் குதிரைதான் அடைத்துக்கொண்டு நிற்கிறது. சிலுவைப்பாதையில் ஆறாம் நிலைக்கு வந்ததும் எங்கள் ஆச்சிமார், ஆண்டவரின் முகத்தைத் துடைத்த வெரோணிக்காளோடு சேர்ந்து விக்கி விக்கி அழுவார்கள். அவவும் நான்கு நற்செய்தியிலும் இல்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாளைக்கே யாராவது ஆறாம் நிலையை எடுக்கப் போகிறோம் என்று வந்தால் முதலில் சண்டைக்குப் போகிறவன் நானாகத்தான் இருப்பேன். ஓவியர்கள் எழுத்தைப் படி எடுக்கவில்லை, தங்கள் ஊரையும் அதற்குள் கொண்டுவந்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. எங்கள் வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிற இராப்போசனப் படத்தையே பாருங்கள். லெயனார்டோ டா வின்சி அதை 1495 தொடக்கம் 1498 வரை மிலான் நகரத்து மடம் ஒன்றின் சாப்பாட்டு அறைச் சுவரில் வரைந்தார். துறவிகள் இருந்து சாப்பிடுகிற மேசை, வெள்ளை விரிப்பு, எல்லாம் அப்படியே சுவரிலும் ஏறியிருக்கிறது. அந்தக் காலத்து யூதர் விருந்தென்றால் ஒருக்களித்துச் சாய்ந்துதான் சாப்பிடுவார்கள். சீடர் ஒருவர் ஆண்டவரின் மார்புப் பக்கம் சாய்ந்திருந்தார் என்று யோவான் எழுதுவதும் அதனால்தான். (1652 இல் அந்தச் சுவரில் ஒரு கதவு வெட்டினார்கள். ஆண்டவரின் பாதங்கள் அதோடு போய்விட்டன. கோயில் திருத்துகிறோம் என்று இறங்குகிற எங்கள் நிர்வாகத்தாருக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.)

பிளமிஷ் ஓவியர் பீட்டர் புரூகல், குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடின ஏரோது அரசன் பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற காட்சியைப் பனி மூடிய ஒரு பிளமிஷ் கிராமத்தில் வைத்து வரைந்தார். வீட்டுக் கதவை உடைக்கிற படையாட்கள், கெஞ்சுகிற தாய் தகப்பன், எல்லாம் அவருடைய காலத்து ஆட்கள். பிறகு அந்தப் படத்தை வைத்திருந்த அரச குடும்பத்துக்கு அது பொறுக்கவில்லை. குழந்தைகளின் மேல் வர்ணம் பூசி மூட்டைகளாகவும் மிருகங்களாகவும் மாற்றிவிட்டார்கள். ஒரு தாயின் முன்னால் பிள்ளை கிடந்த இடத்தில் இப்போது இறைச்சியும் பாற்கட்டியும் கிடக்கின்றன. தாய் மட்டும் அழுதுகொண்டே இருக்கிறாள்.

அதற்கு முந்தின கதைக்கு வருகிறேன். ஏரோதுக்குத் தப்புவதற்காகச் சூசையப்பர் இரவோடு இரவாக எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். கட்டுரையில் இந்தக் காட்சி ஏனோ இல்லை. இத்தாலிய ஓவியர் ஜொத்தோ 1305 அளவிலேயே பாதுவா நகரில் வரைந்திருக்கிறார். எனக்குப் பிடித்தது ஜெர்மன் ஓவியர் ஆதம் எல்ஸ்கைமர் 1609 இல் சின்னச் செப்புத்தகடு ஒன்றில் வரைந்தது. முழு இருட்டு. வானத்தில் நிலவும் பால்வீதியும், தண்ணீரில் இன்னொரு நிலவு, ஒரு கரையில் இடையர் மூட்டிய நெருப்பு. நடுவில் சூசையப்பர் பந்தம் பிடித்தபடி போகிறார். இத்தனை பெரிய இருட்டில் அந்தக் குடும்பம் விரலளவுதான் தெரிகிறது.

2008 இல் போருக்குத் தப்பி நாங்கள் முழங்காவிலை விட்டு வெளிக்கிட்டதும் இரவில்தான். லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் கழற்றின கூரைத் தகரம், கிணற்று வாளி, கோழிக்கூடு. நடுவில் அம்மாவின் சேலையால் சுற்றின மாதா சுரூபம். அதே வருடம் ஏப்ரலில் மடு மாதாவையே மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1670 இல், மாந்தையிலிருந்து சனம் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடிவந்த சுரூபம்தான் அது. 'மாதாவும் எங்களோட இடம்பெயர்ந்தவ' என்று அம்மா சொல்லுவா. அப்படிப்பட்ட வன்னியில், நான் வேலைக்குப் போன கோயில்களில் இராயப்பர் (பேதுரு) திறப்போடு நிற்கிறார், நல்ல ஆயன் ஆட்டுக்குட்டியோடு நிற்கிறார், எகிப்துக்குப் போகிற சூசையப்பரை மட்டும் ஒரு சுவரிலும் காணவில்லை.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் வெறும் சுவர் இருந்தது. பனங்கூடலுக்கு நடுவே மணல் ஒழுங்கையில் அந்தக் குடும்பம் போவதாகப் பென்சிலால் கீறிக்கொண்டு போய்க் காட்டினேன். 'துக்கமான படம், சனம் நிம்மதி தேடி வாற இடம்' என்றார் ஒருவர். 'அடுத்தது கழுதைக்குப் பதிலா லான்ட்மாஸ்ரரோ?' என்றார் இன்னொருவர். சிரிப்புத்தான் வந்தது, ஆனால் நல்ல யோசனை! கடைசியில் இணையத்திலிருந்து இராப்போசனத்தை எடுத்து டிஜிட்டல் பனரில் அடித்துக் கட்டினார்கள். இரண்டு கோடையோடு சிவப்பும் மஞ்சளும் போய், ஆண்டவரும் யூதாசும் ஒரே நீலத்தில் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் முகத்தோடு வரைந்தால் பக்தி குறையும் என்று பயப்படுகிறவர்கள், கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தை ஒருக்கால் பார்க்கலாம். தாடியில்லாத, எங்கள் நாட்டு இளைஞனைப் போன்ற கிறிஸ்துவை இலங்கை ஓவியர் டேவிட் பெயின்ரர் ஏறக்குறைய 90 வருடங்களுக்கு முன்பே அங்கே வரைந்துவிட்டார். கோவாக்கார ஓவியரான அஞ்சலோ த பொன்சேகா தேவதாய்க்குச் சேலை உடுத்தி வரைந்தவர்.

உங்களிடம் கேட்பது இரண்டு. டிசம்பர் 28 மாசற்ற குழந்தைகளின் திருநாள். அதை ஒட்டி வருகிற இதழில் எல்ஸ்கைமரின் படத்தை நிறத்தில், முழுப் பக்கத்துக்குப் போடுங்கள்; சின்னதாகப் போட்டால் இருட்டு மட்டும்தான் அச்சாகும். அடுத்தது, நத்தாருக்கு நீங்கள் வைக்கிற சிறுவர் சித்திரப் போட்டிக்கு ஒவ்வொரு வருடமும் குடிலைத்தான் கொடுக்கிறீர்கள். இந்த முறை எகிப்துக்குப் போகிற வழியைக் கொடுத்துப் பாருங்கள். கழுதையை எப்படிக் கீறுவது என்று பிள்ளைகள் கேட்டால், மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அங்கே தெருத்தெருவாக நிற்கின்றன.

இப்படிக்கு,
வர்ணம் பூசுகிற ஒரு வாசகன்,
முழங்காவில்.