புதிய கான்ஸ்டபிளை யாருடன் அனுப்புகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடக்கில் தமிழ்ப் பிள்ளைகள் பொலிஸ் சேவையில் சேர வேண்டும் என்று கொழும்பிலிருந்து வருகிற அமைச்சர்களும் சொல்கிறார்கள், பொலிஸ் உயரதிகாரிகளும் சொல்கிறார்கள். சேரட்டும், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் சேர்ந்த பிள்ளை களுத்துறை கட்டுகுருந்தையிலோ மட்டக்களப்பு கல்லடியிலோ பயிற்சியை முடித்துக்கொண்டு ஒரு பொலிஸ் நிலையத்துக்கு வந்து இறங்குகிற அன்று, அவனை யாருடன் ரோந்துக்கு அனுப்புகிறார்கள், வேலை பழக்குகிறவர் யார், இவன் தேறிவிட்டான் என்று கையெழுத்து வைக்கிறவர் யார் என்று ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

நான் ஆசிரியர்களைப் பயிற்றும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்த பிள்ளைகள் மூன்றாம் வருடம் கட்டுறு பயில்வுக்குப் பாடசாலைகளுக்குப் போவார்கள். அங்கே வாய்க்கிற வழிகாட்டி ஆசிரியர் நல்லவர் என்றால் பிள்ளை மலர்ந்துவிடும். அப்படி இல்லாமல், "கொலிஜில் படிச்சதை மறந்திடு தம்பி, இங்கை பிரம்பு இல்லாமல் ஒண்டும் நடக்காது" என்று முதல் கிழமையே ஒருவர் சொல்லிவிட்டால், நாங்கள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்தது அத்தோடு சரி. வகுப்பறையிலேயே இப்படி என்றால், இடுப்பில் துப்பாக்கியும் சட்டைப்பையில் கைது செய்கிற அதிகாரமும் உள்ள ஒரு இருபத்திரண்டு வயதுப் பெடியனுக்கு முதல் குரு யார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

சில காலத்துக்கு முன் அயலில் உள்ள ஒரு அம்மாவுக்குத் துணையாக ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். மருமகன் அடிப்பதாக மகள் சார்பில் முறைப்பாடு. மேசையில் இருந்தவர் புதிதாக வந்த தமிழ்க் கான்ஸ்டபிள். "இருங்கோ அம்மா, ஆறுதலாகச் சொல்லுங்கோ" என்று தொடங்கி, திகதி, நேரம், யார் கண்டது என்று ஒழுங்காகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் வந்து நின்ற மூத்தவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எழுதப் போனால் விடிஞ்சிடும், கூப்பிட்டு எச்சரிச்சு விடு" என்றார். அந்தப் பெடியன் பேனாவை மூடிவிட்டார். அந்த அம்மாவின் முறைப்பாடு பதியப்படவில்லை என்பது ஒரு நட்டம். அதைவிடப் பெரிய நட்டம், குடும்ப வன்முறை முறைப்பாட்டை எப்படிக் கையாளுவது என்று அந்தப் பெடியன் அன்றைக்குப் பாடம் படித்துவிட்டார். இனி எத்தனை வருடம் அவர் சேவையில் இருக்கப் போகிறாரோ, அத்தனை வருடமும் அந்தப் பாடம் கூடவே இருக்கும்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜோர்ஜ் புளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸாரின் பிடியில் கொல்லப்பட்ட காணொளியை உலகமே பார்த்தது. கழுத்தில் முழங்காலை வைத்திருந்த டெரெக் சோவின், புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை பழக்குகிற அதிகாரியாக இருந்தவர் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அங்கே நின்ற இருவர் பயிற்சி முடித்துச் சில நாட்களே ஆனவர்கள், அதில் ஒருவரைப் பழக்கியவரும் சோவின்தான். மற்றவர், கீழே கிடப்பவரைப் பக்கவாட்டாகத் திருப்புவோமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று பதில் வந்தது, பேசாமல் இருந்துவிட்டார். சரி எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, மூத்தவர் முன்னால் அதைச் செய்து முடிக்கத்தான் முடியவில்லை. பிறகு அந்த இரண்டு புதியவர்களும் சிறைக்குப் போனார்கள்.

அதே நாட்டில்தான் இதற்கான முறையும் முதலில் ஒழுங்காக வகுக்கப்பட்டது. 1970இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் புதிய பொலிஸ்காரர் ஒருவர் கடமையில் வாகனம் ஓட்டி விபத்துக்குள்ளானதில் மற்ற வாகனத்தில் வந்த ஒருவர் இறந்துபோனார். அந்தப் பொலிஸ்காரருடைய கோவையை எடுத்துப் பார்த்தபோது, பயிற்சியும் மதிப்பீடும் எவ்வளவு ஓட்டையாக இருந்தன என்பது வெளிச்சமானது. அதன் பிறகு 1970களின் தொடக்கத்தில் அங்கே ஒரு திட்டம் வந்தது: புதியவர் ஒருவருடன் மட்டும் இல்லாமல் கட்டம் கட்டமாக வெவ்வேறு பழக்குநர்களுடன் வேலை செய்வார், ஒவ்வொரு நாளும் அவருக்கு எழுத்தில் அவதானிப்பு அறிக்கை உண்டு, வாகனம் ஓட்டுவதில் இருந்து பொதுமக்களோடு கதைப்பது வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி. பழக்குநர்களையும் தெரிவு செய்து, தனியாகப் பயிற்சி கொடுத்துத்தான் விட்டார்கள்.

இந்த மதிப்பீட்டு விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் வாழ்க்கை முழுக்கச் செய்த வேலை அது. புள்ளி போடத் தெரியாதவர் கையில் படிவத்தைக் கொடுத்தால் எல்லோருக்கும் நடுவில் 4 விழும், சண்டை இல்லை, விளக்கம் சொல்லத் தேவையில்லை. இன்னொருவர், பெடியன் மரியாதையாகச் சல்யூட் அடிக்கிறான் என்பதற்காக அறிக்கை எழுதுவதிலும் 6 போடுவார். இன்னொருவர் மூன்று மாதத்தை மறந்து நேற்று நடந்த ஒரு பிழையை மட்டும் வைத்து ஆளைத் தீர்த்துக்கட்டுவார். "திறமையில்லை" என்று எழுதுவது மதிப்பீடே அல்ல. "செவ்வாய்க்கிழமை பிற்பகல் வீதிச் சோதனையில் சாரதியிடம் ஆவணம் கேட்கும்போது காரணம் சொல்லவில்லை, கேட்டபோது குரலை உயர்த்தினார், பிறகு கூப்பிட்டுக் கதைத்தேன், அடுத்த வாகனத்தில் திருத்திக்கொண்டார்" என்று எழுதினால் அது மதிப்பீடு. அதைப் படிக்கிற பொறுப்பதிகாரிக்கும் விளங்கும், அந்தப் பெடியனுக்கும் விளங்கும், நாளைக்கு இவர் சேவைக்குப் பொருத்தமில்லை என்று அனுப்ப வேண்டி வந்தாலும் கையில் ஆதாரம் இருக்கும். இப்படி எழுதுவது ஒருவருக்கும் தானாக வராது, பழக்கத்தான் வேண்டும்.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரீனோ நகரில் இன்னொரு முறையை உருவாக்கினார்கள். கூட இருந்து பழக்குகிறவர் ஒருவர், இடையிலும் கடைசியிலும் வந்து மதிப்பிடுகிறவர் வேறொருவர். இது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது, புள்ளி போடுகிறவரிடமே போய் "எனக்கு இது விளங்கேல்லை சேர்" என்று கேட்க எந்தப் பிள்ளைக்கும் பயம் இருக்கும். அதில் இன்னொன்றும் உண்டு, புதியவர் தான் வேலை செய்யும் பகுதியைப் பற்றித் தானே விசாரித்து ஒரு தொகுப்புத் தயாரிக்க வேண்டும். எங்கள் நிலைமைக்கு இதைப்போல் பொருத்தமானது வேறில்லை. சண்டிலிப்பாய்க்கோ பருத்தித்துறைக்கோ வருகிற கான்ஸ்டபிள் முதல் மாதமே கிராம சேவையாளரைச் சந்திக்கட்டும், சனசமூக நிலையத்தில் போய் இருந்து பேப்பர் படிக்கட்டும், கடற்றொழிலாளர் சங்கத்தில் என்ன பிரச்சினை, மாதர் சங்கத்தார் என்ன சொல்கிறார்கள், எந்த ஒழுங்கையில் ஐஸ் போதைப்பொருள் விற்கிறார்கள் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள் என்று கேட்டு எழுதட்டும். சிங்களப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது, கூடப் போகிற பழக்குநர் தமிழ் தெரிந்தவராக இருந்தால் மொழியும் வரும், சனத்தின் முகமும் தெரியும்.

மொழியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் கண்ட அளவில், தமிழ் தெரிந்த புதிய கான்ஸ்டபிள்களை நாள் முழுக்க மொழிபெயர்ப்புக்கும் வாக்குமூலம் எழுதவும் இருத்திவிடுகிறார்கள். அந்த உதவி எங்களுக்குத் தேவைதான், இல்லையென்றால் விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. ஆனால் அதனால் அந்தப் பிள்ளைகள் விசாரணை, சம்பவ இடப் பரிசோதனை, நீதிமன்ற அறிக்கை எதையும் ஒழுங்காகப் பழகாமல் போகிறார்கள். பத்து வருடம் கழித்து நாங்கள் தேடப்போகிற தமிழ்ப் பரிசோதகர்கள் எங்கிருந்து வருவார்கள்?

2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியடியில் பொலிஸார் சுட்ட சம்பவத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தார்கள். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைது செய்த இளைஞன் இறந்தான். இரண்டிலும் பொலிஸார் கைதானார்கள். வழக்குகளைப் பற்றி நான் கதைக்க வரவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஒவ்வொரு முறையும் இடமாற்றம், பணி இடைநிறுத்தம், விசாரணை என்று கேள்விப்படுகிறோமே தவிர, இவர்களுக்கு வேலை பழக்கியவர் யார், அப்போது எழுதிய மதிப்பீட்டில் என்ன இருந்தது என்று யாராவது தேடிப் பார்த்தார்களா?

ஆள் பற்றாக்குறை என்று சொல்வார்கள். புதியவர் எப்படியும் ஒரு மூத்தவருடன்தான் போகிறார், அந்த மூத்தவரைப் பார்த்துத் தெரிவு செய்யச் சொல்வதுதான் கோரிக்கை. சேவைக்கால மூப்பை மட்டும் வைத்து இந்தப் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது, விரும்பி வருகிறவருக்குக் கொடுக்க வேண்டும். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவிலோ சித்திரவதை முறைப்பாடு நிலுவையில் உள்ள ஒருவர் கையில், விசாரணை முடியும் வரைக்கும், ஒரு புதிய பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. ஒரு சிறு கொடுப்பனவு வேண்டும், மற்ற வேலைகளைக் குறைக்கவும் வேண்டும், இல்லையென்றால் நல்லவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். பழக்கியவரைப் பற்றிப் புதியவரும் இரகசியமாகக் கருத்து எழுத வழி வேண்டும். மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் வேண்டும் என்ற வாதம் 1987இல் இருந்து நடக்கிறது, அது நடக்கட்டும். இதற்கு அரசியலமைப்பைத் தொடத் தேவையில்லை, பொலிஸ் மா அதிபரின் ஒரு சுற்றுநிருபம் போதும், அதுவும் முதலில் யாழ் மாவட்டத்தில் இரண்டு மூன்று நிலையங்களில் தொடங்கிப் பார்க்கலாம்.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு உங்கள் செய்தியாளர் போவார். கடந்த வருடம் இந்த மாவட்டத்துக்கு வந்த புதிய கான்ஸ்டபிள்கள் எத்தனை பேர், அவர்களைப் பழக்க நியமிக்கப்பட்டவர்களுக்கு அதற்கென்று ஏதாவது பயிற்சி கொடுக்கப்பட்டதா என்று பொலிஸ் தரப்பிடம் கேட்டு, வருகிற பதிலை அப்படியே பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆசிரியப் பயிற்றுநர்,
கோண்டாவில்.