ஜூனில் வேண்டாம், பங்குனியில் வருகிறேன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சாள் மலர்,

ஜூனில் நாம் நோர்வேக் கரையோரம் போகலாம் என்று நீ அனுப்பிய கப்பல் படங்கள் கிடைத்தன. அடுக்கடுக்காக மாடிகள், மேல்தட்டில் நீச்சல்குளம், இரவில் நடனம். கடலுக்கு நடுவில் குளம் கட்டிக் குளிப்பவர்களைக் கண்டால் நம்முடைய வாவியின் பாடும் மீன் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரிக்கும். காசு உன்னுடையது என்பதால் இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

நோர்வேக் கரையோரம் போவதென்றால் அந்தப் பழைய கரையோரக் கப்பலில்தான் வருவேன். ரிச்சர்ட் வித் என்ற கப்டன் 1893இல் தொடங்கிய பாதை அது. அதற்கு முன்னர் ட்ரொண்ட்ஹைமில் போட்ட கடிதம் ஹம்மர்ஃபெஸ்ட் போய்ச் சேரக் கோடையில் மூன்று வாரம் பிடிக்குமாம். குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆகுமாம். எண்பதுகளில் உன் கடிதத்துக்காக நான் தபால்காரரை வழிமறித்த கதை உனக்குத் தெரியும். ஐந்து மாதம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இப்போது அந்தப் பாதையில் இரண்டு நிறுவனங்களின் பதினொரு கப்பல்கள் ஓடுகின்றன. பேர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிர்க்கெனெஸ் வரை 34 துறைகள். போய்த் திரும்பப் பன்னிரண்டு நாள். ஊர்ப் பஸ் மாதிரி ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்கிக்கொண்டே போகிறது. சில துறைகளில் கால் மணி நேரம்தான் நிற்கும், அதுவும் நடுச்சாமத்தில்.

அந்தத் துறைகளில் ஒன்று வார்டோ. நீ காட்டிய பெரிய கப்பலின் அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடினேன், இல்லை. 1987இல் அங்கிருந்துதானே எழுதினாய்? “மீன் வெட்டும்போது விரல் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்” என்ற வரி எனக்கு இன்னும் மனப்பாடம். அந்த மீன் தொழிற்சாலை நின்ற இடத்தில் இப்போது என்ன இருந்தாலும் பரவாயில்லை, நீ நின்ற இடத்தில் ஒருதரம் நான் நிற்க வேண்டும். போகும்போது கப்பல் அங்கே விடியுமுன் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. திரும்பும்போதுதான் பிற்பகலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கிறது. ஆகவே கிர்க்கெனெஸில் இறங்கி விமானத்தில் திரும்பும் உன் யோசனையையும் மறந்துவிடு.

ஜூன் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, வைகாசிச் சடங்கு. கண்ணகை அம்மன் குளிர்த்தி முடியாமல் நான் ஊரைவிட்டு அசைந்ததில்லை. (எனக்குத் தெரிந்த குளிர் அது ஒன்றுதான் என்று நீ சிரிப்பாய்.) மற்றது, கருவாடு. தை தொடங்கிச் சித்திரை வரை பேரண்ட்ஸ் கடலிலிருந்து கொட் மீன் முட்டையிட லொஃபோட்டன் தீவுகள் பக்கம் இறங்கி வருகிறது. அதைத் தலை வெட்டி, இரண்டிரண்டாக வாலில் கட்டி மரப் பந்தலில் தொங்கவிடுகிறார்கள். உப்பு ஒரு கல்லும் கிடையாது! நம்முடைய வெயிலில் உப்பில்லாமல் காயவைத்தால் மாலைக்குள் புழு நெளியும். அங்கே குளிர் பூச்சியபாகையை ஒட்டியே நிற்பதால் இலையான் வராது, மீன் அழுகவும் மாட்டாது, காற்றே காய்ச்சி எடுக்கிறது. வெட்டிய தலைகள்கூட வீணாகாமல் காய்ந்து நைஜீரியாவுக்குப் போகின்றன. மீன் நாக்கை அறுத்து விற்றுப் பள்ளிப் பிள்ளைகள் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறார்களாம். நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க உலகமே வரட்டும். கூனிக் கருவாடு காயவைத்த கை எனக்கு, அந்தப் பந்தலைப் பார்க்காமல் வரமாட்டேன்.

இவருக்குத்தான் பயம். 2019 மார்ச்சில் நோர்வேக் கரையோரக் கடலான ஹுஸ்டாட்விகாவில் ஓர் உல்லாசக் கப்பலின் இயந்திரம் நின்று, 479 பேரை ஹெலிகொப்டரில் தூக்கி எடுத்த காணொளியை எங்கிருந்தோ தேடிப்பிடித்து எனக்குக் காட்டுகிறார். நானும் பார்த்தேன். 2004 சுனாமிக்குப் பிறகு நான் கடற்கரை நாவலடிப் பக்கம் போகவே ஏழெட்டு வருடம் எடுத்தது, உனக்குத் தெரியாததா? இருந்தும் இந்தக் கடலில் ஏறலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஏன் என்று கேளாதே.

விசா வேலைதான் நீளும். கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகத்தை 2023இல் மூடிவிட்டார்கள். உன் அழைப்புக் கடிதத்தைச் சீக்கிரம் அனுப்பு. உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்பு போய் மற்றதைப் பார்த்துக்கொள்கிறேன். பங்குனி நடுவில் புறப்பட்டால் சித்திரைப் புதுவருடத்துக்கு முன் வீடு வந்துவிடலாம். கப்பலில் மேல் அறை வேண்டாம். கீழே, ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் பார்.

வட துருவ வட்டத்தைத் தாண்டும்போது கழுத்துக்குள் ஐஸ் தண்ணீர் ஊற்றும் சடங்கு ஒன்று இருக்கிறதாமே, அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? இவருக்கு நான் சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லாதே.

உனக்குக் கஜூ கொண்டுவருவேன். சப்பாத்து வாங்கினால் என் அளவு 37, இவருக்கு 41. இந்த வீட்டில் கம்பளி என்று இருப்பது நுவரெலியா போனபோது வாங்கிய ஒரு ஸ்வெட்டர். நேற்றுப் போட்டுப் பார்த்தேன், கை முழங்கையோடு நின்றுவிட்டது.

அன்புடன்,
உன் இராசாத்தி