பி, சி சென்டருக்குப் புரியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், புதிதாக வந்த டைம் டிராவல் படத்துக்கு விமர்சனம் எழுதியவர், பி, சி சென்டர் ரசிகர்களுக்கு, அதாவது சிறு நகர, கிராமத்து ரசிகர்களுக்கு, இதெல்லாம் புரியாது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். நான் அந்த சென்டரிலிருந்துதான் எழுதுகிறேன். கடலூர். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

2015இல் ‘இன்று நேற்று நாளை’ என்ற டைம் டிராவல் படம் வந்தபோது பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த சித்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். ஹீரோக்கள் டைம் மெஷினில் பழைய நாளுக்குப் போனதால், சாக வேண்டிய ரவுடி பிழைத்துவிடுகிறான் அல்லவா? அந்த இடத்தில் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். “சும்மா இருடா, எனக்குப் புரியுது” என்றார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரே ஆரம்பித்தார். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயலில் எங்கள் முந்திரித் தோப்பும் தாத்தா வைத்த பலா மரமும் சாய்ந்தன. “மொத நாளே அந்த மெஷினுல போயி கிளையக் கழிச்சு வுட்டிருந்தா பலா நின்னுருக்கும். ஆனா தோப்பு நின்னுருந்தா நீ கடலூருக்கு வேலைக்கு வந்திருக்க மாட்ட, என்னையும் படத்துக்குக் கூட்டியாந்திருக்க மாட்ட. அப்ப மெஷினப் பத்தி யாருக்குத் தெரியும், கிளையக் கழிக்கப் போனது யாரு?”

பேரன் காலத்தில் பின்னோக்கிப் போய்த் தாத்தாவைச் சின்ன வயசிலேயே கொன்றால் பேரன் எப்படிப் பிறப்பான் என்று படித்தவர்கள் கேட்கிற அதே கேள்விதான் இது. ‘மாநாடு’ படமும் ஒரே நாளைத் திரும்பத் திரும்பக் காட்டியது. நான் பார்த்த காட்சியில் ஒருவர்கூடப் பாதியில் எழுந்து போகவில்லை.

புரியாதது யாருக்கு என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது. ‘டைம் மெஷின்’ நாவலை எழுதியது ஐன்ஸ்டீன் என்று முன்பு உங்கள் இதழிலேயே வந்தது. அதை எழுதியவர் எச்.ஜி.வெல்ஸ், 1895இல். ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரை வந்ததே 1905இல்தான். உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு முறை கார்டு போட்டேன், திருத்தம் வரவில்லை. அறிவியல் பக்கத்தையும் அரைப் பக்கமாக்கி, பிறகு ராசிபலனுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டுதான் சந்தா கட்டுகிறேன்.

இப்போது கேட்பது ஒன்றுதான். சென்ற விமர்சனத்தில் கிளைமாக்ஸையும் முழுதாகச் சொல்லிவிட்டார்கள். இனிமேல் அப்படிச் சொல்வதாக இருந்தால் மேலே ஒரு வரி எச்சரிக்கை போடுங்கள். சித்தி ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்துக்கு வருகிறார். அவர் கண்ணில் படாமல் இதழை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.